நூற்றுப்பத்து டிகிரி

சென்ற வாரம் சர்வேயரை ஹாலின் நடுவே சாக்பீஸும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். மனிதர் சும்மா இருக்கவில்லை.

வாசல் கதவில் தொடங்கும் வெள்ளைக் கோடு இப்போது சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேசையை இடப்புறம் விட்டு, சமையலறை வழியாகப் பின்வாசல் படி வரை போகிறது. மொத்தம் பதினெட்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். மீட்டருக்கு ஓர் எண். வளைவுகளில் அம்புக்குறி. குளியலறைப் பக்கம் பிரிகிற இடத்தில் பெருக்கல் குறி போட்டு ‘பாதை அன்று’ என்று எழுதியிருந்தார். அவசரத்துக்குப் போனவர்கள் அதை மதிக்கவில்லை.

வருஷக் கடைசி விடுமுறை என்றால் மற்ற வீடுகளில் தின்பார்கள், தூங்குவார்கள், பிறகு தின்றதற்காக வருத்தப்படுவார்கள். இந்த வீட்டில் திட்டம் நிறைவேற்றுவார்கள். திட்டத்தின் பெயர் ‘விடுமுறைக் கால இல்ல இயக்கத் திட்டம்’. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. காலை ஆறு சுற்று, மாலை ஆறு சுற்று, உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அபராதம் இரண்டு சுற்று.

மகன் மட்டும் தனி வழி கண்டுபிடித்திருந்தான். ‘வீட்டிலேயே செய்யலாம் உடற்பயிற்சி’ என்று நாற்பத்தாறு வீடியோக்களைப் பார்த்து முடித்திருந்தான். படுத்தபடி.

ஆனால் திட்டமெல்லாம் மேல்பூச்சுதான். உள்ளே இருந்தது ஒரே ஒரு முட்டி. வீட்டுக்காரம்மாளின், அதாவது சர்வேயர் மனைவியின், வலது முட்டி.

அவள் தையல்காரி. தெருவில் பாதிப் பேர் உடுத்தியிருப்பது அவள் தைத்தது. மீதிப் பேருடையது அவள் பிரித்துப் பெரிதாக்கியது. முப்பது வருஷம் மெஷின் மிதித்துத் தேய்ந்த முட்டியை ஆபரேஷனில் மாற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். நடை பரவாயில்லை. முட்டிதான் மடங்க மறுக்கிறது. பிசியோதெரபி நடத்தும் பெண் பத்து நாள் விடுமுறைக்குக் கிளினிக்கைப் பூட்டுவதற்கு முன் சொல்லி அனுப்பினாள்:

“லீவு முடிஞ்சு வரும்போது முட்டி நூத்திப்பத்து டிகிரி வந்திருக்கணும், ஆன்ட்டி. வரலைன்னா டாக்டர் மறுபடி மயக்கம் கொடுத்து அவரே மடக்கிவிட வேண்டியிருக்கும்.”

மறுபடி மயக்கம். போன தடவை மயக்கம் தெளிந்தபோது அவள் கணவரைப் பார்த்து, “சார், அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். மகனிடம், “தம்பி, வெளியில உக்காருங்க, கூப்பிடறேன்” என்றாள். மறுநாள் காலைதான் எல்லாரும் அவரவராகத் தெரிந்தார்கள். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை சொல்லப்படும், சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்த ஒரு நாள் அவளுக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மறுபடி அப்படிப் போனால் திரும்பி வருவோமா என்பது அவள் யாரிடமும் சொல்லாத பயம். மருமகளிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிராத நேரத்தில்.

நூற்றுப்பத்து டிகிரி என்று கேட்டதும் சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகென்ன? டாக்டர், மருந்து, மாத்திரை என்றால் மற்றவர்கள் பாடு. டிகிரி என்று வந்துவிட்டால் அவர் பாடு. நில அளவைத் துறையில் முப்பத்துநாலு வருஷம். அவர் நட்ட எல்லைக் கல்லை இதுவரை ஒருவரும் அசைத்ததில்லை. அசைக்க நினைத்தவர்கள் இன்னும் கோர்ட்டில் அலைகிறார்கள்.

விடுமுறையின் முதல் நாளே பித்தளைப் பாகைமானியை எடுத்துத் துடைத்தார். மனைவியைப் படுக்க வைத்து, முட்டியின் பக்கவாட்டில் பால்பாயின்ட் பேனாவால் புள்ளி வைத்து, தொடையோடு ஓர் அளவுகோல், கணுக்காலோடு ஓர் அளவுகோல் வைத்துப் பார்த்தார். நூற்றிருபது.

“அட, இதுக்கா இந்தப் பொண்ணு இப்படிப் பயமுறுத்திச்சு? இப்ப நூத்திருபது. வேண்டியது நூத்திப்பத்து. பத்தே டிகிரி. லீவும் பத்து நாள். நாளுக்கு ஒண்ணு!”

சாட்சாத் கடவுளே வந்து அட்டவணை போட்டாலும் கணக்கு இவ்வளவு வட்டமாக விழுந்திருக்காது.

ஐந்தாம் நாள் காலை, அதாவது இன்று, வழக்கம்போல அளவெடுப்பு.

“அசையாதே.”

“அசைஞ்சாத்தானேங்க முட்டி மடங்கும்?”

“மடக்கினது போதும். இப்ப ரீடிங். ரீடிங் எடுக்கும்போது பேசக் கூடாது.”

“வாயால பேசினா முட்டி ஆடுமா?”

“ஆடும். உன் வாய் பேசினா எனக்குக் கை ஆடும்.”

குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். மறுபடி பார்த்தார். பிறகு அவர் குரல் ஹாலைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

“நூத்திப்பத்து! டேய், எழுந்து வாடா! நூத்திப்பத்து! அஞ்சே நாள்ல!”

மகன் எழுந்து வரவில்லை. சோபாவிலிருந்து கையை மட்டும் நீட்டினான். அவன் கைக்கு ஃபீல்டு புக் என்கிற தன் அளவுக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, ‘அளவு என் முன்னிலையில் எடுக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கினார். முட்டியின் சொந்தக்காரியிடம் கையெழுத்து கேட்கவில்லை. நிலத்திடம் யார் கையெழுத்து வாங்குகிறார்கள்?

கேக் வெட்டினார்கள். அதையும் அவரே வெட்டினார், துண்டுக்கு நாற்பத்தைந்து டிகிரி.

“இனிமே முட்டிக்குப் பூரண ஓய்வு” என்று உத்தரவு போட்டார், வாயில் கேக்கோடு. “அளவுக்கு மேல மடக்கினா உள்ள வெச்சிருக்கிற பாகம் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? நூத்திப்பத்துன்னா நூத்திப்பத்து. நூத்தி ஒம்பது கிடையாது.”

“அப்ப இன்னிலேருந்து இழுக்கிறது, மடக்கிறது எதுவும் வேண்டாமா?” என்று கேட்டாள் மனைவி.

“வேலை முடிஞ்ச இடத்துல சர்வேயருக்கு என்ன வேலை?”

அவள் முகத்தில் ஐந்து நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. வலி முடிந்ததற்கு அல்ல. மயக்கம் வேண்டாம் என்பதற்கு. மருமகள் அதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே மாமனாருக்கு இரண்டாவது துண்டு எடுத்து வைத்தாள்.

மருமகள் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடங்களின் தலையில் ஏறி உட்கார்ந்து கம்பிக் கயிறுகளுக்கு எண்ணெய் போடுகிறவள். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் மாமனார் வாய்விட்டுப் பாராட்டிய ஒரே ஆள் அவள்தான். அதுவும், “பரவால்ல, ஸ்பிரிட் லெவல் வெச்சு மட்டம் பாக்கத் தெரியுது” என்று.

பத்து மணி வாக்கில், வெற்றிச் செய்தியை ‘ஓய்வுபெற்ற நில அளவையர் நலச் சங்க’ வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காகச் சர்வேயர் வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, தையல்காரி வாக்கரைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே அவள் மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. நூற்றுப்பத்து வந்தாயிற்றே, பெடலில் ஒரு தடவை காலை வைத்துப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. தைக்க அல்ல, சும்மா வைக்க.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கால் பழக்கத்தில் பெடலுக்குப் போய்விட்டது. வலது கால் போகவில்லை. விறைத்துக்கொண்டு முன்னால் நீண்டு, பாதம் பெடலைத் தாண்டி மெஷினின் இரும்புக் காலில் போய் இடித்தது. ஸ்டூலைப் பின்னால் தள்ளினாள். அப்போதும் குதிகால் பின்னால் வரவில்லை.

மற்றவர்கள் உடம்பை முப்பது வருஷமாக அளக்கிறவள். டேப் ஒன்று சொல்லி உடம்பு ஒன்று சொன்னால், டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு உடம்பை நம்புகிறவள். அதனால்தான் அவள் தைத்த துணி உட்காரும்போது கிழிவதில்லை.

“ஏம்மா, இங்க வாயேன். சத்தம் போடாம வா” என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

“என்ன அத்தை, மெஷின் கிட்டயா? மாமா பார்த்தா அவ்வளவுதான்.”

“அவர் பார்க்கட்டும். முதல்ல நீ பாரு. அந்த இன்னொரு ஸ்டூல்ல நேரா உக்காரு.”

மருமகள் உட்கார்ந்தாள்.

“இப்ப உன் முட்டி எத்தனை டிகிரி?”

“இதுவா? தொண்ணூறு. எல்லாருக்கும் அப்படித்தானே?”

“அப்ப தொண்ணூறைத் தாண்டி நூத்திப்பத்து வந்தா, கால் எங்க போகும்?”

மருமகள் தன் குதிகாலை மெல்ல ஸ்டூலுக்கு அடியில் இழுத்தாள். இழுத்த காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு அத்தையின் காலைப் பார்த்தாள். அது தூண்டில் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

“அத்தை...”

“ம்.”

“மாமா நேரா நீட்டின காலுக்கு என்ன அளவு எழுதியிருக்கார்?”

“இடது காலுக்கு எழுதினார். நூத்தியெண்பது. ‘நேர்கோடு, நூத்தியெண்பது, சரியா இருக்கு’ன்னு பெருமையா வேற சொன்னார்.”

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பிசியோ பெண் ஏதோ மென்றுகொண்டே பேசினாள். அவள் வீட்டுப் பின்னணியில் விடுமுறையின் இரைச்சல் கேட்டது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள்.

“ஆன்ட்டி, நேரா நீட்டின கால் எங்களுக்கு சைபர். அங்கேருந்து எவ்வளவு மடங்குதோ, அதைத்தான் எண்ணுவோம். அங்கிள் எதிர்ப் பக்கத்துலேருந்து பார்த்திருக்கார். நூத்தியெண்பதுல நூத்திப்பத்தைக் கழிங்க.”

“எழுபது” என்றாள் மருமகள்.

“எழுபதுதான் வந்திருக்கு. லீவு விடும்போது அறுபது. அஞ்சு நாள்ல பத்துதான் ஏறியிருக்கு.”

“இன்னும் நாப்பது இருக்கா?” தையல்காரி கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அஞ்சு நாள்லயா?”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது, இரைச்சல் குறைந்தது.

“ஆன்ட்டி, ஒளிக்காம சொல்றேன். டாக்டர் செவ்வாய்க்கிழமைக்கு ஆபரேஷன் தியேட்டர் நேரம் முன்கூட்டியே எடுத்து வெச்சிருக்கார். நூத்திப்பத்து வராட்டியும், தொண்ணூறைத் தாண்டினா நான் அவர்கிட்ட மன்றாடிப் பாக்கறேன். அதுக்குக் கீழன்னா என் பேச்சு எடுபடாது. ஆனா அஞ்சு நாள்ல தாண்டணும்னா, இது வரைக்கும் செஞ்ச மாதிரி செஞ்சா ஆகாது. யார் காலைப் பிடிச்சு மடக்கறாங்க?”

“மாமாதான்” என்றாள் மருமகள்.

“எவ்வளவு நேரம் பிடிக்கறார்?”

அத்தையும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் ‘ஆ’ வரைக்கும். ‘ஆ’ என்ற சத்தம் முழுசாக வெளியே வருவதற்குள் கையை எடுத்துவிடுவார் சர்வேயர்.

“முப்பது எண்ணற வரைக்கும் பிடிக்கணும்” என்றாள் பிசியோ பெண். “கத்தினாலும் விடக் கூடாது. தையல் போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்க. மத்தபடி முப்பது. அப்படிப் பத்து தடவை. ஒரு நாளைக்கு நாலு வேளை. இப்பவே ஆரம்பிங்க.”

போனை வைத்த பிறகு தையல்காரி மெஷின் போர்வையின் சுருக்கத்தை நீவினாள். ஏற்கெனவே நீவிய இடத்தையே மறுபடி நீவினாள்.

“அவர்கிட்ட நீ சொல்றியா?”

“நானா! போன மாசம் அவர் அடிச்ச ஷெல்ஃப் ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு சொன்னதுக்கு மூணு நாள் பேசலை, அத்தை. கடைசில, வீடுதான் சாஞ்சிருக்குன்னு நிரூபிச்சார்.”

“சரி, வா. ரெண்டு பேருமாப் போவோம். அடி விழுந்தா ஆளுக்குப் பாதி.”

சர்வேயர் சாய்வு நாற்காலியில் இருந்தார். செய்தி போய்விட்டிருந்தது. வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. ‘தலைவர் அளந்தால் தவறுமா?’ என்று ஒருவர். ‘துறையின் இழப்பு, மருத்துவத்தின் லாபம்’ என்று இன்னொருவர். அவர் அதைச் சத்தம்போட்டு வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே இரண்டு பெண்களும் வரிசையாக நின்றார்கள்.

மருமகள் சொன்னாள். சுருக்கமாக, லிஃப்ட் ஏன் நின்றது என்று குடியிருப்பவர்களுக்குச் சொல்வது மாதிரி.

முதலில் அவர் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது.

“நேர்கோடுன்னா நூத்தியெண்பது. உலகம் பூரா நூத்தியெண்பது! ஆஸ்பத்திரிக்குன்னு தனியா ஒரு ஜியோமெட்ரியா? நாளைக்கு டாக்டர் வந்து, முக்கோணத்துக்கு நாலு பக்கம்னு சொல்லுவார், அதையும் கேட்டுக்கணும்!”

“மாமா, அவங்க வேற இடத்துலேருந்து எண்ணறாங்க. அவ்வளவுதான்.”

“எங்கேருந்து எண்ணறதுன்னு எழுதிக் கொடுக்க வேணாமா? ஆரம்பப் புள்ளி சொல்லாம அளவு சொல்றது என்ன தொழில்? என் டிபார்ட்மென்ட்ல இப்படி ஒரு ஸ்கெட்ச் வந்திருந்தா மூஞ்சில வீசி எறிஞ்சிருப்பேன்!”

“நீங்க கேட்டிருக்கலாமேங்க” என்றாள் மனைவி.

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. சர்வேயரின் மடியில் இருந்த போன் மறுபடி ஒரு வாழ்த்தைக் கொண்டுவந்து சிணுங்கியது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

“கழிச்சா எழுபதா?”

“எழுபதுங்க.”

எழுந்தார். வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்து, சமையலறையைத் தாண்டி, பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“விடுங்க அத்தை, மாமா கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும். நான் பிடிக்கறேன் காலை. லிஃப்ட்டோட அறுநூறு கிலோ கவுன்டர்வெயிட்டைப் பிடிச்சு நிறுத்தறவ நான். உங்க கால் என்ன?”

“அதான் பயமா இருக்கு” என்றாள் அத்தை. “உன் கை இரும்புக்குப் பழகின கை. நீ இரு. நான் அவரைக் கூட்டிட்டு வர்றேன்.”

பதினெட்டு மீட்டரை வாக்கரோடு கடந்தாள். பின்வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்திலேயே யாரென்று தெரிந்திருக்கும்.

“எதுக்கு நடந்து வந்தே?”

“அபராதச் சுற்று.”

அவர் சிரிக்கவில்லை. எதிரே கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ரெண்டாவது நாளே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு.”

அவள் வாக்கரின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

“நூத்திருபதுலேருந்து நூத்திப்பத்துக்கு வர்றதுக்காக யாராவது மயக்கம் கொடுப்பாங்களான்னு. பத்து டிகிரி என்ன பிரமாதம்? போன் பண்ணிக் கேக்கலாம்னு எடுத்தேன். அப்பதான் நீ உள்ள, கால் வலில முனகிட்டு இருந்தே. கேட்டு, இன்னும் அதிகமா மடக்கணும்னு சொல்லிட்டா? வெச்சிட்டேன்.”

“கேக்கவே இல்லையா?”

“இல்ல. நீ ‘ஆ’ங்கறப்ப எனக்குக் கையில பலம் போயிடுது. இன்னிக்கு நூத்திப்பத்துன்னு பார்த்ததும்... அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே உன்னைக் கத்த வைக்க வேண்டாம்னு. அளவு சரியான்னு திரும்பப் பார்க்கணும்னு தோணலை. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு ரீடிங்கை ரெண்டு தடவை பார்க்காம எழுதினதில்ல நான்.”

இவ்வளவு நீளமான ஒப்புதலை அவரிடமிருந்து அவள் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததை ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் குடை திரும்பக் கிடைத்த பிறகு.

“இங்க பாருங்க” என்றாள். “நான் கத்தறது உங்க காதுக்குத்தான் கஷ்டம். முட்டி என்னோடது. அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் உங்களை ‘சார்’னு கூப்பிட்டேனே...”

“அது சிரிப்பு வர்ற மாதிரிதான் இருந்துச்சு.”

“எனக்குச் சிரிப்பு வரலைங்க. அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்ல. நீங்கெல்லாம் சொல்லித்தான் தெரியும். இன்னொரு தடவை அந்த மயக்கத்துக்குள்ள போகப் பயமா இருக்கு. கத்தறதுக்கு எனக்குப் பயமில்ல.”

சர்வேயர் இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அவள் நெற்றி வேர்த்திருந்தது. நின்றபடியே இவ்வளவையும் பேசியிருக்கிறாள். அவர் அவசரமாக எழுந்து கைகொடுக்கப் போனார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. வாக்கரைத் திருப்பினாள்.

“வாங்க. நீங்கதான் பிடிக்கணும்.”

“நானா? அந்தப் பொண்ணு பிடிக்கட்டும். அவளுக்குத்தான் நல்ல பலம்.”

“அவ பிடிச்சா, நான் கத்தும்போது நீங்க வந்து அவ கையைத் தட்டிவிடுவீங்க. உங்க கையிலயே கொடுத்துட்டா தட்டிவிட ஆள் இருக்காது பாருங்க.”

இந்த வாதத்தை அவருடைய சங்கமே கூடினாலும் உடைத்திருக்க முடியாது. சர்வேயர் அவள் பின்னாலேயே நடந்தார்.

ஹாலில் பாயை விரித்தார்கள். அதற்கு இடம் பண்ணுவதற்காக சோபாவைத் தள்ள வேண்டியிருந்தது. தள்ளுவதற்காக மகன் அதிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. ஐந்து நாளில் திட்டம் அவன் விஷயத்தில் கண்ட முதல் முன்னேற்றம் இது. “அம்மா, நான் ஒரு வீடியோல பார்த்தேன்...” என்று ஆரம்பித்தான். “தலையணை எடுத்துட்டு வா” என்றாள் அவன் மனைவி. எடுத்துவந்தான்.

தையல்காரி மல்லாந்து படுத்தாள். மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். சர்வேயர் கால்மாட்டில் உட்கார்ந்து, கணுக்காலை ஒரு கையாலும், முட்டிக்குக் கீழே இன்னொரு கையாலும் பிடித்தார். பித்தளைப் பாகைமானியை மகன் கையில் கொடுத்தாயிற்று. “நீட்டினா சைபர்டா” என்று மட்டும் சொன்னார், அவனைப் பார்க்காமல்.

“ஆரம்பிக்கட்டுமா?”

“கேட்டுக்கிட்டே இருந்தா செவ்வாய்க்கிழமை வந்துடும்.”

குதிகால் பாயின் மேல் மெல்ல நகர்ந்தது. கொஞ்ச தூரம் சும்மா வந்தது. பிறகு நின்றது. அவர் அழுத்தினார்.

“ஆ!”

அவர் கையை எடுக்கவில்லை.

“எண்ணுங்க!”

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

அவள் பாயின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். எட்டில் ஒரு தடவை கத்தினாள். பதினொன்றில் அவருடைய வம்சத்தையே ஒரு வார்த்தை சொன்னாள். மருமகள் அதைக் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள். எண்கள் அளவெடுத்த மாதிரி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தன. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூடிய இமைகளுக்குக் கீழே ஈரம்.

“எழுபத்தஞ்சு!” என்று மகன் கத்தினான், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

“பதினாறு... பதினேழு...”

அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், வாய் மட்டும் கோணிக்கொண்டு கிடந்தாள். அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்த அவர் அதைக் கண்டுவிட்டார்.

“பதினெட்டு... பத்தொம்பது... இருபது... இருபத்தஞ்சு... இருபத்தேழு... முப்பது!”

கையை எடுத்துவிட்டார். கால் நீண்டது. அவள் மூச்சு விட்டாள். மருமகள் மாமனாரைப் பார்த்தாள்.

தையல்காரி தலையைத் தூக்கினாள்.

“இருபத்தொண்ணு எங்க?”

“என்ன?”

“இருபதுக்கு அப்புறம் இருபத்தஞ்சா? ஊரையே அளந்தவருக்கு நடுவுல நாலு எண் காணாமப் போயிடுச்சா?”

“அது... வேகத்துல...”

“வேகத்துலயா?”

அவர் தலை குனிந்தார். முப்பத்துநாலு வருஷம் ஒரு சென்டிமீட்டர் பிசகாத மனிதர், வீட்டுப் பாயில் உட்கார்ந்து ஏழு எண்களைத் திருடி மாட்டிக்கொண்டு விழித்தார். மகன் சிரிக்க வாயெடுத்தான். மருமகள் அவன் தொடையில் கிள்ளினாள்.

தையல்காரி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கத்தான் நினைத்தாள். வரவில்லை.

“இது கணக்குல சேராது” என்றாள். தலையைத் தலையணையில் சாய்த்து, காலைத் தானே அவர் பக்கம் நகர்த்தினாள். “முதல்லேருந்து.”

சர்வேயர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கணுக்காலைப் பிடித்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

“ஒண்ணு” என்றார்.